மண்டை உடையக் கேட்ட சீட்டு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: சீட்டுப் பிடிக்கிற அக்கா, தொலைக்காட்சிக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நித்திரையாகிக் கிடந்த அவருடைய கணவர், பூசை முடிந்து நேராக வந்திருந்த மன்னார் அன்ரி, முடிவெட்டும் கடை அண்ணை, விமான நிலையத்துச் செம்மஞ்சள் அங்கியைக்கூடக் கழற்றாமல், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற ஒருவர், பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை. இதை எத்தனையோ தரம் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன். என் மனைவி அங்கே இல்லை. அவள் அந்த நேரம் ரோய்சியில் ஒரு ஹோட்டலில் வேலையில் நின்றாள்.

பாரிஸ் லா சப்பலில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருக்கும் இரண்டறை வீடு அது. ஞாயிறு பின்னேரம். எனக்கு மத்தியான வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை இடையில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் போனேன். சட்டையில் எண்ணெய் மணம் இருந்தது. அன்ரி தன் கைப்பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் வேலை செய்தது ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில். கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்த சோறும் நெம் என்கிற பொரித்த சுருளும் கோழியும் தட்டுத் தட்டாக இருக்கும், நிறுத்துக் கொடுப்போம், சிலர் அங்கேயே இருந்து சாப்பிடுவார்கள், அப்படியான கடை. முதலாளி ஹொங்கொங்கில் பிறந்தவர். பத்ரோன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பிரெஞ்சும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு முழுப் பிரெஞ்சு வரும் என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

கோபம் வந்தால் மட்டும் அவருக்குத் தன் சொந்தப் பேச்சு வரும். தெருமுனையில் இன்னொரு சீனக் கடை திறந்து, மத்தியான மெனுவை ஒரு யூரோ குறைத்துப் பலகையில் எழுதிப் போட்டார்கள். பத்ரோன் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அரை யூரோ குறைத்தார். அவர்கள் மேலும் குறைத்தார்கள். இவர் நெம் ஒன்று இனாம் என்றார். அவர்கள் இரண்டு என்றார்கள். ஒவ்வொரு நாளும் பலகையை அழித்து எழுதும்போது அவர் அகப்பையால் தன் தலையில் மெல்லத் தட்டி, "டா பங் தௌ! டா பங் தௌ!" என்பார்.

என்ன அது என்று கேட்டேன். அடி, உடை, தலை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரே பொருளுக்கு எல்லோரும் விழுந்தடித்துப் போட்டி போட்டால், மண்டை உடைகிற அளவுக்கு நெருக்குப்பட்டால், கன்ரோனீஸ்காரர் அப்படிச் சொல்வார்களாம். "எங்கள் ஊரில் வீடு வாங்கினாலும் அதுதான், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவும் அதுதான்," என்றார்.

அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், புதுச் சொல் ஒன்று கையில் கிடைத்தால் அதைப் பாவிக்காமல் விடமாட்டேன். பொபினியில் வதிவிட அனுமதி கொடுக்கிற ப்ரெபெக்தூர் வாசலில் விடியமுதல் வரிசையில் நின்றதை வீட்டில் சொல்லும்போது டா பங் தௌ. கார் து நோரில் ரயிலேறும்போது டா பங் தௌ. பொங்கலுக்கு முதல் நாள் கரும்புக்கு அடிபடுகிற சனத்தைப் பார்த்தால் டா பங் தௌ. மனைவியும் பிடித்துக்கொண்டாள். காலையில் குளியலறைக்கு மகளோடு சண்டை வந்தால் கதவில் தட்டி அதைத்தான் சொல்வாள். மகள் உள்ளேயிருந்து பிரெஞ்சில் ஏதோ திட்டுவாள்.

முனைக் கடைக்காரர்தான் முதலில் மூடினார். ஆனால் பத்ரோனும் அதோடு களைத்துவிட்டார். முழங்காலும் சரியில்லை. ஒருநாள் நெம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமலே, "நீ எடு கடையை," என்றார். முற்பணமாகப் பதினாறாயிரம் யூரோ, மீதியை மாதம் மாதம் தந்தால் போதும். வேறு ஆளாக இருந்தால் முழுக்காசும் கேட்பேன், உன்னிடம் கேட்கமாட்டேன் என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி சமையல் மேசையில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்துக் கணக்குப் போட்டாள். எங்களிடம் சேர்ந்திருந்தது ஏழாயிரம். ஒன்பதாயிரம் துண்டு விழுந்தது.

"சீட்டு இருக்குத்தானே? அதை எடுங்கோவன்."

அக்காவிடம் நான் ஒரு சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து பேர், ஆளுக்கு மாதம் அறுநூறு. மாதாமாதம் சேருகிற பதினைந்தாயிரத்தை ஏலத்தில் விடுவார்கள். அவசரமாகக் காசு தேவைப்படுகிறவர் இவ்வளவு கழித்துக்கொண்டு தாருங்கள் என்று கேட்பார். கூடக் கழிவு கேட்கிறவருக்குச் சீட்டு. கழித்த காசை எல்லோருக்கும் பங்கு போட்டு, அந்த மாதக் கட்டுக்காசில் குறைப்பார்கள்.

"ஆறாயிரம் கழிவு போனாலும் எங்களுக்குக் காணும்," என்று மனைவி கடதாசியில் ஆறாயிரத்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. ஆறாயிரத்தைச் சும்மா விடுவதா? கடை ஓடாவிட்டால்? அடுப்புப் பார்க்க வருகிற அதிகாரி ஏதும் எழுதிவிட்டால்? மகளுக்கு வருத்தம் வந்தால்? எனக்கே வந்தால்? நான் இப்படித்தான். நல்ல விசயம் ஒன்று நடந்தால் அதற்குப் பின்னால் என்ன வரப்போகிறதோ என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற ஆள். விடிந்ததும் வேண்டாம் என்றேன். மனைவி திருப்பிக் கேட்டாள். வேண்டாம் என்றேன். அடுத்த கிழமையும் கேட்டாள்.

"இந்தக் கடைக் கதையை இனி எடுக்காதையும். நான் சீட்டும் கேக்கப் போறேல்லை, கடையும் எடுக்கப் போறேல்லை," என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று நினைத்தேன்.

பத்ரோனிடம் மட்டும் நான் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று இழுத்தேன். அப்படியே அடுத்த மாதக் கடைசியும் வந்தது. திங்கட்கிழமைவரை பொறுப்பேன் என்றார். இதற்கிடையில் எங்கள் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்காரருக்கும் அந்தக் கடையில் கண். அவரும் எங்கடை ஆள்தான். அந்த ஞாயிறு காலையில் அவர் அளவுநாடாவோடு வந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியை அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்கு யோசினை இல்லையெண்டுதானே கேள்விப்பட்டனான்?" என்று சிரித்தார். "பயப்பிடாதேங்கோ, நான் எடுத்தாலும் உங்களைத்தான் குசினிக்கு வைப்பன்."

அந்த 'வைப்பன்' எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. அத்தனை நாளும் எடுக்கப் பயந்த கடை, இன்னொருவர் நாடா பிடித்ததும் என்னுடையதாகிவிட்டது. கோழியைப் புரட்டிக்கொண்டே யோசித்தேன். அன்றைக்குச் சீட்டு நாள். மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லலாமென்று தொலைபேசியை எடுத்தேன். எதைச் சொல்லுவது? அத்தனை தரம் வேண்டாம் என்று சத்தம் போட்டவன். முதலில் சீட்டை எடுத்துவிட்டு, பிறகு சொல்லுவோம், சந்தோசப்படுவாள் என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு அழைப்பை எடுத்திருக்கலாம்.

அக்கா தேத்தண்ணி தந்தார். முடிவெட்டும் கடை அண்ணை முதலில் ஆயிரம் கழிவு கேட்டார். நான் ஆயிரத்து இருநூறு. கதவோரம் நின்ற செம்மஞ்சள் அங்கிக்காரர் தொலைபேசியில் எதையோ கேட்டுவிட்டு, "ரெண்டாயிரம்," என்றார்.

"ஐயோ, எனக்கு இந்த மாசம் வேண்டாம்," என்று அண்ணை கையைத் தூக்கினார். "இவங்கள் ரெண்டு பேரும் அடிபடட்டும். எனக்குக் கழிவு வந்தால் லாபம்தானே."

"சும்மா இருங்கோ," என்றார் அக்கா. "தம்பி, நீர் சொல்லும்."

நான் இரண்டாயிரத்து ஐந்நூறு. அங்கிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "மூண்டு." நான் மூன்று இருநூறு. "மூண்டு அஞ்சு."

அந்த மனிதரை எனக்குத் தெரியாது. வில்லியே லே பெல் பக்கம் என்று பிறகு அறிந்தேன். அவருக்கும் என்னைத் தெரியாது. தொலைபேசியில் அவருடைய மனைவி சொல்லுவதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தொலைபேசியில் கேட்கிறவருக்கு எதிர்த்துக் கேட்கிறவர் யார் என்று சொல்லக்கூடாது. பிறகு மனத்தாபம் வருமாம். ஆகவே அவர் வெறும் இலக்கத்தைத்தான் சொன்னார்: "நாலு எண்டினம்," "நாலு அஞ்சு எண்டினம்." எதிரில் நான் ஒருவன்தான் இருந்தேன். ஆனால் அவர் என்கிறார்கள் என்ற பொருளில் 'எண்டினம்' என்று சொல்லச் சொல்ல, அந்தப் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு கூட்டமே எதிர்த்து நிற்கிறது போல இருந்திருக்கும்.

எனக்கும் அப்படித்தான். தொலைபேசிக் கடைக்காரர் ஆள் வைத்துக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். கடை வாங்க அவருக்கும் காசு வேண்டும்தானே? என் மூளை அதற்கு மேல் ஓடவில்லை. நாலாயிரத்தோடு நிறுத்துவது என்று படியேறும்போது நினைத்திருந்தேன், இரண்டாயிரம் அவசரத்துக்குக் கையில் இருக்கட்டும் என்று. நாலாயிரம் எப்போது தாண்டியது என்றே தெரியாது.

"அஞ்சு," என்றேன்.

"அஞ்சு அஞ்சு."

"மாதாவே," என்றார் அன்ரி. "மோனை, சும்மா வந்த காசா இது? பாத்துக் கேள்."

"அஞ்சு ஒன்பது."

அங்கிக்காரர் அதைத் தொலைபேசியில் சொன்னார். தொலைபேசிக்குள்ளே பெண்குரல் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொரு பெண்குரல். சலவை இயந்திரம் சுற்றுகிற சத்தமும் கேட்டது. பிறகு அவர் நிமிர்ந்து, "ஆறாயிரம். இதுதான் கடைசியாம்," என்றார்.

ஆறாயிரம். எங்கள் வீட்டு மேசையில் வட்டம் போட்ட அதே இலக்கம். அதற்கு மேல் ஒரு யூரோ போனாலும் முற்பணம் நிறையாது. என் கணக்கு முடிகிற அதே இடத்தில் அவருடைய கணக்கும் ஏன் முடிகிறது என்று அந்த நேரம் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்காமலே ஆயிரம் விசயத்தைப் பற்றிக் கவலைப்படுகிற எனக்கு, யோசிக்க வேண்டிய அந்த ஒன்று தோன்றவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

"சரி, அவைக்கு விழுந்திட்டுது," என்றார் அக்கா. "கழிவில ஆளுக்கு இருநூத்தி நாப்பது. தம்பி, உமக்கும் இந்த மாசம் அவ்வளவு குறையும், கவலைப்படாதையும்."

படியிறங்கி நேராகக் கடைக்குப் போனேன். திங்கள்வரை நேரம் இருந்தது. ஆனால் எனக்குக் கெட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியாது, யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். பத்ரோன் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால் முடியாது. அவருக்குக் கொடுங்கள்," என்றேன்.

"நாளைவரை இருக்கிறதே?"

"நாளைக்கும் முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். சட்டியைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது தொலைபேசிக் கடைக்காரரும் கூட வந்தார். காசோலையைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்து எழுதினார். இருவரும் கைகொடுத்தார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது வசதியாகப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவு மணி அடித்தது. மனைவி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல், கார் து நோரில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். வேலைச் சப்பாத்து, கலைந்த தலை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எங்கள் கலியாணப் படத்தில்கூட அவள் அப்படிச் சிரித்திருக்கமாட்டாள்.

"இஞ்சாருங்கோ, பேசக்கூடாது. நான் சொல்லி முடியுமட்டும் ஒண்டும் பேசக்கூடாது. நான் சீட்டு எடுத்திட்டன்."

"என்ன சீட்டு?"

"அக்கான்ர சீட்டுத்தான். என்னோடை வேலை செய்யிறவ இனிக் கட்டேலாதெண்டு விட்டவ. போன மாசமே நான் வாங்கிட்டன், அவவின்ர பேரிலயே இருக்கு. உங்களுக்குச் சொன்னால் நீங்கள் நித்திரை கொள்ளாமல் கிடப்பியள் எண்டு சொல்லேல்லை. இண்டைக்கு அவவின்ர மனுசன் போய்க் கேட்டவர்." மூச்சு விட்டுக்கொண்டாள். "கழிவு மட்டும் கூடப் போயிட்டுது. ஆறாயிரம். ஆரோ ஒரு மண்டை கழண்டவன் விடாமல் ஏத்திக்கொண்டே போனான். நானும் விடேல்லை. துணி மடிக்கிற மேசைக்கு முன்னாலை நிண்டு நானும் அவவும் டா பங் தௌ எண்டு சொல்லிச் சொல்லிக் கேட்டம்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அது நான்தான்," என்றேன்.

"எது?"

"அந்த மண்டை கழண்டவன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு சிரிப்பு வந்தது, உண்மையான சிரிப்பு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. "நீங்கள் கேக்கமாட்டன் எண்டனீங்கள்!" பிறகு, "பரவாயில்லை, ஆர் எடுத்தால் என்ன, கடை எங்களுக்குத்தானே," என்றாள். அப்போதுதான் அவளுடைய கண் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே போனது. காசோலை இன்னும் அங்கேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அளவுநாடா.

பத்ரோனிடம் அவள்தான் கேட்டாள். என்னைவிட அவளுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். அவர் முழுவதையும் கேட்டார். முதலில் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தன் தலையைத் தடவினார். கைகொடுத்துவிட்டேன், எழுதியும் வாங்கிவிட்டேன் என்றார். "நாளைவரை என்று நான் சொன்னேன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. அன்று அந்த மூன்று சொல்லையும் அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் பிறகு ஒருவரும் சொல்வதில்லை.

அக்காவிடம் போய்ச் சீட்டை மாற்ற முடியுமா என்று கேட்டோம். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒரே வீட்டுக்குள்ளை ரெண்டு பேரும் நிண்டு கேட்டனீங்களா? கடவுளே. தம்பி, கழிவு பங்கு போட்டாச்சு. முடிவெட்டுற அண்ணையிட்டை நான் எப்பிடித் திருப்பிக் கேக்கிறது?"

அப்படியாக, என் மனைவி விட்ட காசில் எனக்கும் அந்த மாதம் இருநூற்று நாற்பது யூரோ லாபம் வந்தது.

கடை இப்போது கொத்துரொட்டிக் கடை. நன்றாக ஓடுகிறது. சனி, ஞாயிறில் வெளியே வரிசை நிற்கும். தொலைபேசிக் கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், என்னைத்தான் குசினிக்கு வைத்திருக்கிறார். நல்ல மனிதர், நான் குறை சொல்லமுடியாது. பத்ரோன் தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். ஒருதரம் வந்து ஒரு கொத்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உறைப்புக் கூட என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டில் வந்த ஒன்பதாயிரம் கடைக்கு இல்லையென்று ஆனபிறகு, நிற்கவா போகிறது? ஊரில் மாமிக்கு ஒப்பரேசன், மகளின் பல்லுக்குக் கம்பி, பழுதாய்ப் போன குளிர்ப்பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கரைந்தது.

மனைவி என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மனம் போய் நிற்கிற இடம் அந்தக் கதவு மணிதான். 'பேசக்கூடாது' என்று சொல்லிக்கொண்டு அவள் உள்ளே வந்தாளே, அந்த இடம். தன் கணவனுக்கு ஒரு நல்ல செய்தியைச் சொல்வதற்கே அப்படி முன்னேற்பாடு செய்யவேண்டிய நிலையில் அவளை எத்தனை வருடமாக வைத்திருக்கிறேன்? இப்போது அவள் எல்லாவற்றையும் சொல்லுகிறாள். ஹோட்டலில் வேலை குறைக்கப் போகிறார்களாம், மகள் லியோனுக்குப் படிக்கப் போக விரும்புகிறாளாம், எல்லாம். நான் கவலைப்படுகிறேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு கவலைப்படப் பழகுகிறேன். மகள் மட்டும், "பப்பா, சே பா க்ராவ்," பரவாயில்லை, விடு என்று தோளில் தட்டிவிட்டுப் போவாள்.

போன ஞாயிறும் அக்கா வீட்டுக்குப் போனோம். இப்போது இருவரும் ஒன்றாகத்தான் போகிறோம். அன்ரி என் மனைவிக்குத் தன் பக்கத்தில் இடம்விட்டு உட்கார்ந்தார். செம்மஞ்சள் அங்கிக்காரர் என்னைக் கண்டால் இன்னும் நிலத்தைப் பார்க்கிறார், பாவம், அவர் என்ன செய்வார். முடிவெட்டும் கடை அண்ணை எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்டதும், "அண்டைக்கு இப்பிடி வந்திருந்தால் எனக்குக் கழிவே கிடைச்சிராது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கைப்பையைத் திறந்து தன் சீட்டுக்கான அந்த மாதக் காசை எடுத்து மேசையில் வைத்தாள். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு மீதியைச் சொன்னார்.

அவள் எடுத்த சீட்டுக்கு இன்னும் கட்டவேண்டியது நாலாயிரத்து எண்ணூறு யூரோ.